பதினேழாவது டாப்

அவள் பெயரை எழுதமாட்டேன். எழுதினால் நாளைக்கே யாராவது தேடிப் போய், மாலை போட்டுப் படம் எடுத்து, "தன்னம்பிக்கைச் சிகரம்" என்று முகநூலில் போடுவான். அவளுக்கு அது பிடிக்காது. எனக்கு அதைவிடப் பிடிக்காது.

நான் எங்கள் அலுவலகத்தில் கணினிகளைப் பார்க்கிறவன். பிரிண்டரில் கடதாசி சிக்கினால் இழுப்பேன், வயர் கழன்றால் கொழுவுவேன், நெட் இல்லை என்று கத்துகிறவர்களிடம் நான் திருப்பிக் கத்துவேன். எனக்கு வாய் சரியில்லை என்று எல்லோரும் சொல்வார்கள். சரியில்லைதான். அதனால் இதையும் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்.

அவள் பட்டதாரி நியமனத்தில் எங்களிடம் வந்தாள். பிறவியிலேயே இரண்டு கண்ணும் தெரியாது. ஊர் பழுகாமம். எங்கள் அலுவலகம் வாவிக்கு இந்தப் பக்கம், எழுவான்கரையில். அவள் அந்தப் பக்கம், படுவான்கரை. காலையில் பஸ்ஸில் பாலம் கடந்து எட்டு மணிக்கெல்லாம் வந்துவிடுவாள். பாலம் வந்தால் காற்றின் வாசத்திலேயே கண்டுபிடித்துவிடுவாள் என்று அலுவலகத்தில் ஒரு கதை ஓடியது. நான் நேரே கேட்டேன்.

"வாசமா?" என்று சிரித்தாள். "கண்டக்டர் கத்துவான் அண்ணன். அவன் கத்தாத நாளில ரெண்டு பஸ் ஹோல்ட் தாண்டி இறங்கி, திரும்பி நடந்து வருவன்."

அவளுடைய கணினியை நான் முதன்முதலாகப் பார்க்கப் போன நாளிலேயே எங்களுக்குள் முட்டிக்கொண்டது. கதிரையை இழுத்துப் போட்டு மவுஸைத் தேடினேன். மவுஸ் இல்லை. கழற்றி அலுமாரியில் வைத்திருந்தாள். நான் கீபோர்டில் கை வைத்தேன். அவள் என் கைக்கு மேல் தன் கையை வைத்தாள்.

"என்ன செய்யப்போறீங்க எண்டு முதல்ல சொல்லுங்க. மறுகா செய்யுங்க."

"ஒண்டும் இல்ல. சும்மா ஒரு செட்டிங்."

"சும்மா செட்டிங் எண்டு ஒண்டு இல்லயே. எந்தச் செட்டிங்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அத்தனை வருட வேலையில் ஒருவரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. ஆனாலும் சொன்னேன். அவள் கேட்டாள். பிறகுதான் கையை எடுத்தாள்.

அவளுடைய குணம் முழுவதும் அந்த ஒரு கைதான். தான் கேட்காத எதையும் தன் பெயரில் நடக்க விடமாட்டாள்.

அவள் எப்படி வேலை செய்தாள் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். திரையில் இருப்பதை வாய்விட்டு வாசிக்கிற மென்பொருள் ஒன்று உண்டு. இலவசமாகக் கிடைப்பது. நாங்கள் அதை வாசிப்பான் என்போம். அவளுக்குத் திரை கிடையாது, மவுஸ் கிடையாது, காதும் கீபோர்டும்தான். கீபோர்டின் இடது ஓரத்தில் இருக்கிற டாப் கட்டையை ஒரு தடவை தட்டினால் பக்கத்தில் இருக்கிற அடுத்த கட்டத்துக்கோ பட்டனுக்கோ தாவும். வாசிப்பான் அது என்னவென்று சொல்லும். இன்னொரு தடவை தட்டினால் அடுத்தது. இப்படியே பக்கம் முழுக்கத் தட்டித் தட்டித்தான் போகவேண்டும்.

அடிக்கடி போகிற பக்கங்களுக்கு அவள் வழி எழுதி வைத்திருந்தாள். தடித்த கடதாசியில் ஊசியால் குத்திய பிரெயில் கொப்பி. முதியோர் கொடுப்பனவுப் பக்கம்: பதினான்கு டாப், இரண்டு கீழ் அம்பு, ஒரு என்டர். பிறப்புச் சான்றிதழ் பக்கம்: ஒன்பது டாப், என்டர், திரும்ப ஆறு டாப். எங்கள் மாவட்டத்தில் உள்ள எந்த வரைபடத்தையும்விட அந்தக் கொப்பி சரியாக இருந்தது.

பிறகு பிரவுசருக்கு அப்டேட் வரும்.

எங்களுக்கு அப்டேட் என்றால் என்ன? பட்டன் கொஞ்சம் உருண்டையாக இருக்கும், நிறம் மாறும், இரண்டு நாள் திட்டிவிட்டு மறந்துவிடுவோம். அவளுக்கு ஒரு காலையில் பதினான்காவது டாப்பில் வேறு எதுவோ நிற்கும். அது பரவாயில்லை, திரும்ப எண்ணலாம். சில அப்டேட்டுக்குப் பிறகு வாசிப்பானுக்கும் பிரவுசருக்கும் பேச்சுவார்த்தையே இருக்காது. டாப் தட்டினால் சத்தம் வராது. பட்டன் அங்கேதான் இருக்கும். எனக்குத் தெரியும். அவளுக்கு அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை.

"சொந்த வீட்டுக்க நித்திரை கொண்டு ஒழும்பினா, ஆரோ வந்து சாமானெல்லாம் மாத்தி வைச்சிட்டுப் போயிருக்கான்" என்பாள். "கதவையும் பூசி அடைச்சிட்டான். கேட்டா, வீடு இப்ப வடிவா இரிக்கி எண்டு சொல்றான்."

சும்மா இருக்கமாட்டாள். பிரவுசரைச் செய்தவர்களுக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதுவாள். எந்தப் பதிப்பு, எந்தப் பக்கம், எத்தனையாவது டாப்பில் சத்தம் நிற்கிறது, எல்லாம் இருக்கும். அழுகை இருக்காது. நான் பார்த்தவரை பதில் வந்தது ஒரு தடவை. இந்தப் பிரச்சினை எங்கள் பக்கத்தில் ஏற்படவில்லை, நன்றி என்று இருந்தது.

"அவனுகள்ற பக்கத்தில ஏற்படல்லயாம்" என்றாள். "நான்தான் வேற பக்கத்தில இரிக்கிறனே."

அதன் பிறகு ஒரு வழி கண்டுபிடித்தோம். ஒழுங்காகப் பேசுகிற ஒரு பழைய பிரவுசர் பதிப்பை ஒரு பென்டிரைவில் போட்டு வைத்தாள். தானாக அப்டேட் ஆகிறதை நான் நிறுத்திவிட்டேன். அவள் சொல்லி, "இதற்கு அப்டேட் போடக்கூடாது" என்று கொட்டை எழுத்தில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டியதும் நான்தான்.

ஏன் இப்படிக் கேட்டுக் கேட்டே சாகிறாள் என்று ஒருநாள் பியோன் அக்காவிடம் எரிந்து விழுந்தேன். பியோன் அக்கா எங்கள் அலுவலகத்தில் தேத்தண்ணீரிலிருந்து கோப்பு வரைக்கும் எல்லாம் கொண்டு திரிகிறவ. அவ என்னைத் தனியே கூப்பிட்டு, நான் இந்த அலுவலகத்துக்கு வருமுன் நடந்ததைச் சொன்னா.

அவள் வேலைக்கு வந்த முதல் நாள், கடமை ஏற்கும் படிவத்தை, கிளார்க்குகளுக்கெல்லாம் தலைவரான எங்கள் பிரதம லிகிதர்தான் நிரப்பிக் கொடுத்திருக்கிறார். நல்ல மனுசன். பாவம் பிள்ளை, ஏன் கரைச்சல் படவேண்டும் என்று நினைத்திருக்கிறார். அதில் வெளிக்கள வேலைக்குத் தகுதியா என்ற இடத்தில் 'இல்லை' என்று போட்டார். கணினி அறிவு என்ற இடத்திலும் 'இல்லை' என்று போட்டார். அவளிடம் கேட்கவில்லை. விரலைப் பிடித்து ஒப்பம் வைக்கும் இடத்தில் கொண்டுபோய் வைத்தார். அவளும் வைத்தாள். அந்த இரண்டு 'இல்லை'யாலும் ஒரு மூலைக் கதிரையில் மூன்று வருடம் சும்மா இருந்தாள். மூன்று வருடம். சம்பளம் வரும், வேலை வராது. ஏன் வேலை தருகிறார்கள் இல்லை என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் தன் கோப்பைத் தானே ஸ்கேன் பண்ணி வாசிப்பானில் போட்டுக் கேட்டபோதுதான் அவளுக்கு விசயம் தெரிந்தது. எழுதிக் கொடுத்து அதைத் திருத்திய பிறகுதான் அதே கதிரையில் இந்தக் கணினி வேலை கிடைத்தது.

அதைப் பிரதம லிகிதரிடம் அவள் ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. நானாக இருந்தால் மேசையைப் புரட்டியிருப்பேன்.

இனி நான் செய்த வேலையைச் சொல்கிறேன்.

பதவி உயர்வுக்கான போட்டிப் பரீட்சை ஒன்று வந்தது. விண்ணப்பம் இணையத்தில் மட்டும். வயதெல்லை இருந்தது. அடுத்த தடவை நடக்கும்போது அவளுக்கு வயது தாண்டிவிடும். இதுதான் முதலும் கடைசியும். பாஸ் பண்ணினால் மூலைக் கதிரை போய், தானே முடிவெடுக்கிற ஒரு பதவி. இல்லையென்றால் ஓய்வு பெறும்வரை அந்தக் கதிரைதான். அவள் ஆறு மாதமாகப் படித்துக்கொண்டிருந்தாள். விண்ணப்பத்தில் முக்கால்வாசியை நிரப்பிச் சேமித்துவிட்டு, பட்டச் சான்றிதழின் பிரதி வர இருந்ததால் மிச்சத்தை விட்டுவைத்தாள். அந்த இடையில் ஊரில் கண்ணகி அம்மனுக்குக் குளிர்த்திச் சடங்கு. மூன்று நாள் லீவு. திரும்பி வருகிற நாள்தான் விண்ணப்பம் மூடுகிற நாள்.

அவள் லீவில் இருந்தபோது மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. பாதுகாப்புக் காரணங்களுக்காக எல்லாக் கணினிகளுக்கும் அப்டேட் போடவேண்டும். நான் வரிசையாகப் போட்டுக்கொண்டு வந்தேன். அவள் மேசைக்கு வந்தேன். ஒட்டியிருந்த கடதாசியைப் பார்த்தேன். என் கையெழுத்துத்தான். புதுப் பதிப்பு நல்லாயிருக்கும், வந்து பார்த்துச் சந்தோசப்படட்டும் என்று நினைத்து அதைக் கிழித்துப்போட்டு அப்டேட்டைப் போட்டேன். மவுஸையும் எடுத்துக் கொழுவி வைத்தேன். ஏன் கொழுவினேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

நான்காம் நாள் காலையில் வந்து உட்கார்ந்தாள். பிரவுசரைத் திறந்தாள். டாப். சத்தமில்லை. டாப். சத்தமில்லை. கையை ஓரமாகக் கொண்டுபோனாள், மவுஸ் தட்டுப்பட்டது. அவ்வளவுதான், விளங்கிவிட்டது.

"அண்ணன், என்ர கணினில ஆர் இருந்த?"

"நான்தான்" என்றேன்.

அவள் மவுஸைக் கழற்றி என் பக்கம் நீட்டினாள். திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன், சுகமாக இருந்திருக்கும்.

பென்டிரைவில் இருந்த பழைய பதிப்பைத் திரும்பப் போட்டேன். வாசிப்பான் பேசியது. ஆனால் விண்ணப்பத் தளம் திறக்கவில்லை. உங்கள் பிரவுசர் பழையது, புதுப்பிக்கவும் என்று ஒரு வரி. அந்தத் தளத்தையும் அதே கிழமையில்தான் மாற்றியிருந்தார்கள். நான் கைவைக்காவிட்டாலும் அன்றைக்கு இது நடந்திருக்கும். அதற்காக நான் செய்தது சரியாகிவிடாது. புதிய பிரவுசரில் தளம் திறக்கும், வாசிப்பான் ஊமை. பழைய பிரவுசரில் வாசிப்பான் பேசும், தளம் திறக்காது. புதிய பிரவுசரோடு பேசுகிற புது வாசிப்பானை அவளுடைய கிழட்டுக் கணினி தாங்காது. என் கணினியில் ஓடும். அதில் இறக்கத் தொடங்கினால், அன்றைக்கு நெட் இழுத்த இழுப்பில் மத்தியானம் வரை கால்வாசி கூட வரவில்லை. மாலை நாலு மணிக்கு மூடுகிறான்.

இரண்டு மணிக்குப் பிரதம லிகிதர் எழும்பி வந்தார்.

"இஞ்ச விடு புள்ள. அஞ்சு நிமிசத்தில நான் அடிச்சு அனுப்பிறன்."

"வேணாம் சேர்."

"என்ன பயம்? நான் என்ன உன்ர காணியையா எழுதி எடுக்கப்போறன்?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். "காணியெண்டாலும் கேட்டுப்போட்டுத்தான் சேர் ஒப்பம் வைப்பன்" என்றாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. குற்றம் செய்தவனுக்குத்தான் கோபம் கூட வரும். "உங்கட பிடிவாதத்தைக் கொண்டுபோய் வாவிக்க போடுங்க! ஆறு மாசம் படிச்சது வீணாப் போகப்போகுது. ஆராவது ஒராள் அடிக்க விடுங்களன்!"

"கத்துறத்துக்கு நேரம் இரிக்கி எண்டா வாசிக்கவும் நேரம் இரிக்கும்" என்றாள். "கதிரையை இழுத்துப் போட்டு இரிங்க. அடிக்கிறது நான். வாசிக்கிறது நீங்க."

"எதை?"

"திரையில இரிக்கிற எல்லாத்தையும். மேல இருந்து. ஒண்டையும் விடாம. நீங்கதான் இப்ப வாசிப்பான்."

புதிய பிரவுசரைத் திறந்து அப்படித்தான் தொடங்கினோம். அவள் டாப் தட்டுவாள், கட்டத்தைச் சுற்றி வருகிற வெளிச்சக் கோடு எங்கே நிற்கிறது என்று நான் சொல்லவேண்டும். முகப்பு. தொடர்புகளுக்கு. சிங்களம். ஆங்கிலம். எனக்கு வாய் கூசியது. சின்னப்பிள்ளை மாதிரி எழுத்துக் கூட்டி வாசிப்பதைப் பார்த்துப் பியோன் அக்கா வாயைப் பொத்திக்கொண்டா.

"இன்னும் கெதியா" என்றாள் அவள். "எங்கட ஆள் உங்களவிடக் கெதி."

கடைசிப் பக்கம் வந்தது. சான்றிதழை ஏற்றியாயிற்று. மூன்று மணியும் தாண்டியாயிற்று. பதினேழாவது டாப்பில் கோடு ஒரு சின்னப் பெட்டியில் போய் நின்றது. பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு பந்தி.

"இதில ஒரு நீட்டுக் கதை இரிக்கி" என்றேன். "எல்லாப் படிவத்திலயும் இரிக்கிறதுதான். அடுத்ததுக்குப் போங்க."

அவள் விரல் அசையவில்லை.

"வாசிங்க."

"நேரம் போகுது, தங்கச்சி."

"வாசிங்க அண்ணன்."

பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தேன். நான் கீழே ஒப்பமிடும் விண்ணப்பதாரர், என் கடமைகளையோ பரீட்சையில் தோற்றுவதையோ பாதிக்கும் உடற்குறைபாடு எதுவும் எனக்கு இல்லை என்றும், விசேட ஏற்பாடுகள் எதுவும் தேவையில்லை என்றும் உறுதிப்படுத்துகிறேன்.

வாசித்து முடிக்கும்போது என் குரல் இறங்கிவிட்டது.

"பெட்டி வெறுசா இரிக்கா, டிக் போட்டிரிக்கா?"

"போட்டிரிக்கி."

"ஆர் போட்ட?"

"ஒருத்தரும் போடல்ல. வரக்குள்ளயே போட்டுத்தான் வந்திரிக்கி."

பிரதம லிகிதர் பின்னால் நின்றுகொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். அந்த டிக்கோடு அனுப்பியிருந்தால் என்ன நடந்திருக்கும்? பரீட்சை மண்டபத்தில் அச்சடித்த தாளை அவள் முன்னால் வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். வாசிக்க ஆள் இல்லை, எழுத ஆள் இல்லை. கேட்டால், தேவையில்லை என்று நீதானே உறுதிப்படுத்தினாய் என்பார்கள். அஞ்சு நிமிசத்தில் அடித்து அனுப்புகிற எல்லோரும் அதைத் தாண்டித்தான் போயிருப்போம். கண் தெரிந்த நான் தாண்டிவிட்டேனே.

அவள் ஸ்பேஸ் கட்டையைத் தட்டினாள். டிக் போனது. அதற்குக் கீழே, அதுவரை இல்லாத மூன்று பெட்டிகள் முளைத்தன: பிரெயில் வினாத்தாள், உதவியாளர், மேலதிக நேரம்.

"என்ன சொல்லுது?"

வாசித்தேன். ஒரு எழுத்தும் விடவில்லை.

நாலு மணிக்குப் பத்து நிமிசம் இருக்கும்போது அனுப்பும் பட்டனில் கோடு நின்றது. என்டரைத் தட்டினாள். பச்சை நிறத்தில் ஒரு இலக்கம் வந்தது. அதை இரண்டு தடவை வாசித்தேன். அவள் கொப்பியில் குத்திக்கொண்டாள். அதோடு முடிந்தது என்று நான் எழும்பினேன். அவள் பியோன் அக்காவைக் கூப்பிட்டாள்.

"அக்கா, இஞ்ச வாங்க. இந்த இலக்கத்தை ஒருக்கா வாசிங்க. அண்ணன், நீங்க பேசாதீங்க."

எனக்குச் சுருக்கென்றது. "என்னில நம்பிக்கை இல்லயா?"

"நம்பாம இவ்வளவு நேரம் இருந்தனா?" என்றாள். "நீங்களும்தான் ஆக்களை நம்புறீங்க. நம்பினாலும் ஒருக்காக் கண்ணால பாக்கிறீங்கதானே? நானும் பாக்கிறன்."

பியோன் அக்கா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னா. சரியாக இருந்தது.

அடுத்த நாள் என் கணினியைக் கழற்றி அவள் மேசையில் வைத்தேன். புது வாசிப்பான், புது பிரவுசர், இரண்டும் பேசின. அவளுடைய கிழட்டு இயந்திரம் இப்போது என்னிடம் கிடக்கிறது. விண்ணப்பத் தளத்துக்காரருக்கு அவள் ஒரு கடிதம் எழுதினாள். டிக் போட்டு அனுப்பாதீர்கள், நாங்களே போட்டுக்கொள்வோம் என்று. நானும் ஒன்று எழுதினேன். என்னுடையதை அவள் கேட்டுவிட்டு, "இதை அனுப்பினா உங்கட வேலை போகும்" என்று அழிக்க வைத்தாள்.

பரீட்சை நடந்தது. பிரெயில் தாள் கொடுக்கவில்லை. உதவியாளரும் மேலதிக நேரமும் கொடுத்தார்கள். சில மாதம் கழித்து அவள் பெயருக்குப் பதிவுத் தபால் வந்தது. பிரதம லிகிதர் கையில்தான் வந்தது. யார் கடிதம் வந்தாலும் உடைத்துப் பார்த்துச் செய்தியைத் தானே கத்திச் சொல்வது அவருடைய வழக்கம். விரலை உறையின் வாயில் வைத்துவிட்டார். நான் வாயைத் திறந்துகொண்டு எழும்பினேன். அதற்குள் அவராகவே விரலை எடுத்தார். நடந்து போய் உறையை அவள் கையில் வைத்தார்.

"உன்ர கடிதம் புள்ள. நான் உடைக்கல்ல."

அவள் ஓரத்தைத் தடவிப் பார்த்து, கிழித்து, கடதாசியை விரித்துக்கொண்டு என் அறைக்கு வந்தாள். ஸ்கேனரில் வைத்து மூடினாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

பிரதம லிகிதர் வாசலில் நின்றார். பியோன் அக்கா தேத்தண்ணீர்த் தட்டோடு நின்றா. நான் ஸ்கேனருக்குப் பக்கத்தில். மூடியைக் கொஞ்சம் தூக்கினால் போதும். கடிதம் அங்கேதான் இருந்தது, மூன்று பேருக்கும் கண் இருந்தது. ஒருவரும் தூக்கவில்லை. அவள் முகத்திலிருந்தும் ஒன்றும் பிடிக்க முடியவில்லை. முழுவதையும் கேட்டாள். திரும்ப முதலிலிருந்து கேட்டாள். தேத்தண்ணீர் ஆறிப்போனது.

ஹெட்போனைக் கழற்றினாள்.

"பாஸ் சேர்" என்றாள். "நேர்முகத்துக்குக் கூப்பிட்டிரிக்காங்க."

அவள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது.